கடலோரத்து வண்டிக்குத் துரு: கறுப்புக் கோட்டிங்கா, மெழுகா, வெறும் தண்ணீரா?

தங்கச்சி மாப்பிள்ளை போன மாசியில் ஒரு புது பிக்கப் எடுத்தார். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, களியக்காவிளை தாண்டிப் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் ஏற்றிப் போவதுதான் அவர் தொழில். பழைய வண்டி எஞ்சின் நன்றாக இருக்கும்போதே கையைவிட்டுப் போனது. பின்னால் சரக்கு ஏற்றுகிற தொட்டி அரித்து, கேபின் தரை வழியாக ரோடு தெரிய ஆரம்பித்தபோது அதற்கு எட்டு வயதுகூட முடியவில்லை. அதனால் இந்த முறை சாவி கைக்கு வந்த அன்றே கேட்டுவிட்டார்: "மச்சான், இதுக்கு அடியில என்னத்த அடிச்சா நிக்கும்?"

ஷோரூமில் கறுப்புக் கோட்டிங் அடிக்கச் சொல்லியிருந்தார்கள். வாட்டர் சர்வீஸ்காரர், மாதம் ஒரு தடவை டீசல் அடித்தால் போதும் என்றாராம். கூட ஏலம் எடுக்கிற ஒருவர், பேட்டரியில் ஒரு எலக்ட்ரானிக் பெட்டி மாட்டினால் துருவே வராது என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். இந்த விஷயத்தில் ஒரு காரைப் பறிகொடுத்தவன் நான். அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். நீரோடி, தூத்தூர், இனயம், குளச்சல் என்று கடலை ஒட்டி வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் வருகிற கேள்விதான் இது. எல்லைக்கு அந்தப் பக்கம் பொழியூரிலும் பூவாரிலும் இருக்கிற நம்ம ஆட்களுக்கும் இதேதான்.

முதலில் என் கார் கதை. 2011 மாடல் சின்ன கார். வீடு கொல்லங்கோடு பக்கம். ஆடிக் காற்றில் மாடியில் நின்றால் கடல் இரைச்சல் கேட்கும். வாங்கி நாலு வருஷம் ஆனபோது ஒரு பட்டறையில் 3,500 ரூபாய் கொடுத்து அடியில் கறுப்புக் கோட்டிங் அடித்தேன். காலையில் விட்டேன், மதியம் எடுத்துக்கொண்டேன். அது ஆனி மாதம். வெளியே மழை. வண்டியைக் கழுவி, காற்றடித்து, கையோடு கையாக அடித்துவிட்டார்கள். பார்க்க அழகாக இருந்தது. அடிப்பக்கம் முழுக்கக் கறுகறுவென்று புது வண்டி மாதிரி. அதன்பிறகு நாலு வருஷம் நான் அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அதான் கோட்டிங் அடித்தாயிற்றே என்ற நிம்மதி.

ஒரு நாள் ஓட்டுநர் சீட்டுக்குக் கீழே மிதியடி ஈரமாக இருந்தது. டிங்கரிங் செய்கிற அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு சாக்கை விரித்து அடியில் படுத்து, ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வந்தார். கணீர் கணீர் என்று கேட்டுக்கொண்டு வந்த சத்தம் கதவுக்குக் கீழே ஓரிடத்தில் பொத்தென்று மாறியது. ஸ்குரூடிரைவரைத் திருப்பி நுனியால் லேசாக அழுத்தினார். சிரமமே இல்லாமல் உள்ளே போனது. விரலை விட்டு இழுத்ததும் கறுப்புத் தோல் ஒரு சாண் நீளத்துக்கு உரிந்து வந்தது. தோல் மட்டும் முழுசாக இருந்தது, கிழியக்கூட இல்லை. அதற்குப் பின்னால் இருந்தது இரும்பு இல்லை. பழைய ஓலைச்சுவடி மாதிரி ஏடு ஏடாகப் பழுப்புத் துரு. கூடவே அரை டம்ளர் தண்ணீர் அவர் தோளில் கொட்டியது. "தம்பி, உள்ள ஒண்ணும் இல்லியே. தோலு மட்டுந்தான் நிக்கு" என்றார்.

வெளியே முழுசாக நின்ற அந்தத் தோலும் உள்ளே கிடந்த அந்தத் தண்ணீரும் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. எதை அடிக்கலாம் என்று கேட்பதற்கு முன்னால் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் எதை அடிப்பது என்பது பாதி தானாகவே தெரிந்துவிடும்.

இரும்பு துருப்பிடிக்க இரண்டே பொருள் போதும்: தண்ணீர், காற்றில் உள்ள ஆக்சிஜன். ஒரு சொட்டுத் தண்ணீருக்கு அடியில் இரும்பின் ஓரிடம் கரைகிறது, பக்கத்து இடம் அந்தக் கணக்கை நேர் செய்கிறது, இரண்டுக்கும் நடுவில் நுணுக்கமான மின்னோட்டம் ஓடுகிறது. ஒரு குட்டி பேட்டரி என்றே வைத்துக்கொள்ளலாம். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. உப்பு கலந்தால் நன்றாகக் கடத்தும், பேட்டரி வேகமாக ஓடும். கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அலுமினியத்தின் மேல் உருவாகும் ஆக்சைடு படலம் அதை மூடிக் காக்கும். இரும்புத் துருவுக்கு அந்தக் குணம் கிடையாது. அது இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொண்டு உப்பி, பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடித்து வைத்து, அடியில் உள்ள இரும்புக்கு மறுபடி ஊட்டிக்கொண்டே இருக்கும். பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் வருவது அதனால்தான்.

நம்ம ஊருக்கென்று இன்னொரு விசேஷம் உண்டு. அடுக்களையில் உப்பு மரவை மழைக்காலத்தில் தானாகக் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. உப்பே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் அளவுக்கு வந்தாலே சாதாரண உப்பு கரைய ஆரம்பித்துவிடும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அதற்கு 33 சதவீதம் போதும். மீன் வண்டியின் அடியில் உப்பு ஒட்டியிருந்தால், மழை இல்லாத நாளிலும், நிழலில் நிறுத்தியிருந்தாலும், அந்த இடம் நனைந்துகொண்டேதான் இருக்கும். இடவப்பாதிக் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, கடலிலிருந்து நேராக நம்ம கரைக்கு வீசுகிறது. அலை உடையும்போது எழும் நுண்ணிய சாரலைத் தூக்கிக்கொண்டு வருகிறது. கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டரில்தான் அந்த உப்பு மிக அதிகமாகப் படியும். உள்ளே போகப் போகச் சட்டென்று குறையும். நீரோடியில் கிடக்கிற வண்டிக்கும் மார்த்தாண்டத்தில் கிடக்கிற வண்டிக்கும் ஆயுள் வேறாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

இதிலிருந்து பலரும் எதிர்பார்க்காத ஒரு விஷயம் வருகிறது. மழை நன்றாகப் படுகிற இடத்தைவிட மழை படாத இடம்தான் கடலோரத்தில் அதிகம் அரிக்கும். பானெட்டையும் கூரையையும் மழையே கழுவிவிடுகிறது. மட்கார்டின் உள்மடிப்பு, சேஸிஸின் மேல்பக்கம், கதவின் அடிவயிறு, ஸ்பேர் டயர் கிடக்கிற குழி, இங்கெல்லாம் உப்பு வரும், ஆனால் கழுவ மழை வராது. சேறு அப்பிக் கிடந்தால் இன்னும் மோசம். சேற்றுக்கு அடியில் ஆக்சிஜன் குறைவு, வெளியே அதிகம். அந்த வித்தியாசமே இன்னொரு பேட்டரி ஆகி, சேற்றுக்கு அடியில் உள்ள இரும்பைத்தான் தின்னும். நம்ம செம்மண் ரோட்டில் ஓடி மட்கார்டுக்குள் அப்பிய மண்ணை விரலால் நோண்டிப் பாருங்கள், வெயில் காலத்திலும் உள்ளே ஈரமாக இருக்கும்.

கம்பெனிக்காரர்கள் இதையெல்லாம் யோசிக்காமல் வண்டி செய்வதில்லை. இரும்புக் கூட்டை அப்படியே பெயிண்ட் தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்தி, மூலை முடுக்கெல்லாம் ஒரு படலம் ஏற்றுகிறார்கள். அதன் தடிமன் சுமார் 20 மைக்ரான், ஒரு தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு. பல வண்டிகளில் சில தகடுகளுக்குத் துத்தநாகமும் பூசியிருப்பார்கள். துத்தநாகம் இரும்புக்கு முன்னால் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காக்கும். சின்னக் கீறல் விழுந்தாலும் பக்கத்தில் உள்ள துத்தநாகம் பார்த்துக்கொள்ளும். கதவிலும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டியிலும் டிக்கியிலும் தண்ணீர் வெளியேறத் துளைகளும் விட்டிருக்கிறார்கள். அந்தத் துளைகள்தான் வண்டியிலேயே விலை உயர்ந்த பாகம் என்பேன். என் காரைக் கொன்றது உப்பு மட்டும் இல்லை. அந்தப் பட்டறையில் அடித்த கோட்டிங் துளைகளையும் சேர்த்து மூடியிருந்தது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிக்குள் புகுந்த மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் நாலு வருஷம் நின்றது.

சரி, இனி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

கறுப்புக் கோட்டிங் என்று சொல்வது தாராலோ ரப்பராலோ ஆன தடித்த பூச்சு. இதற்கு ஒரு நல்ல குணம் உண்டு, அதை மறைக்கக் கூடாது: டயர் வீசுகிற ஜல்லியையும் மணலையும் தாங்கும். புது வண்டியில், காய்ந்த இரும்பில், கம்பெனி பெயிண்ட் கெடாத நிலையில், மட்கார்டு உட்புறத்தில் அடித்தால் காசுக்குத் தகுந்த வேலை செய்யும். குறை என்னவென்றால், அது அடித்த இடத்தில் அப்படியே இறுகிவிடும். இடுக்குக்குள் ஊறிப் போகாது. வருஷம் ஆக ஆக விறைத்து, ஓரத்தில் முடி அளவு வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், திரும்பி வராது. ஏற்கெனவே துரு உள்ள வண்டியில் இதை அடிப்பது சீழ் பிடித்த புண்ணை மூடி வைத்துக் கட்டுவது போல. வெளியே ஒன்றும் தெரியாது என்பதுதான் ஆபத்து. ஐந்து வருஷத்துக்கு மேல் கடலோரத்தில் ஓடிய வண்டிக்கு இதை அடிக்கவே அடிக்காதீர்கள். இதை நான் பட்டுச் சொல்கிறேன்.

மெழுகும் லனோலினும் வேறு வகை. லனோலின் என்பது ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற கொழுப்பு. இவை முழுசாகக் காய்ந்து இறுகுவதில்லை. நீளமான குழாய் முனையை, ஏற்கெனவே இருக்கிற துளை வழியாகக் கதவுக்குள்ளும் அதற்குக் கீழே ஓடும் பெட்டிக்குள்ளும் விட்டு அடிக்கலாம். புகை மாதிரிப் பரவி, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் இடுக்குகளில் ஊறி இறங்கும். மேல்துரு லேசாக இருந்தாலும் அதில் ஊறி, தண்ணீரையும் காற்றையும் அதிலிருந்து தள்ளி வைக்கும். கீறல் விழுந்தால் பக்கத்தில் உள்ள பிசுக்கு நகர்ந்து வந்து ஓரளவு மூடிக்கொள்ளும். துரு எங்கே வருகிறது என்று எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், கறுப்புத் திரை கிடையாது.

இதன் குறைகளும் உண்மையானவை. தூசி ஒட்டும். முதல் ஒரு வாரம் ஆட்டு வாடை வரும். அழுத்தமாகத் தண்ணீர் அடித்தால் வெளிப்பக்கத்தில் உள்ளது போய்விடும். அதனால் வருஷா வருஷம் மறுபடி அடிக்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே பலர் வேண்டாம் என்கிறார்கள். "ஒரு தடவை அடித்தால் ஆயுசுக்கும்" என்று சொல்கிற பக்கம் போய்விடுகிறார்கள். நான் அதைக் குறையாகவே எண்ணவில்லை. 1914-ல் திறந்த பாம்பன் பாலம் நடுக்கடலில் நூறு வருஷத்துக்கு மேல் ரயிலைத் தாங்கியது, 2022 டிசம்பர் வரை. ஒரு தடவை பூசிவிட்டு மறந்ததால் அது நிற்கவில்லை. ஆட்கள் தொங்கிக்கொண்டு சுரண்டியும் பெயிண்ட் அடித்தும் வந்ததால் நின்றது. கடலோரத்தில் இரும்பை வைத்துக்கொண்டு வருஷத்துக்கு ஒரு நாள்கூட அதற்குக் கொடுக்க மாட்டேன் என்றால் எந்தப் பூச்சும் உதவாது.

நாள் பார்ப்பது முக்கியம். மாசி, பங்குனியில் அடிக்க வேண்டும். நன்றாகக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் கதவுகளைத் திறந்து காயவிட்டு, அப்புறம். இடவப்பாதி தொடங்கிய பிறகு நம்ம ஊரில் எந்த இரும்பும் காயாது. ஈரத்தின் மேல் எதை அடித்தாலும் ஈரத்தைத்தான் பாதுகாக்கிறோம். சைலன்சர், பிரேக் டிஸ்க், டிரம், ரப்பர் ஹோஸ், ஒயர் சாக்கெட் இவற்றில் படாமல் மூடிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். அடித்து முடித்ததும் ஒவ்வொரு துளையிலும் ஒரு கம்பியை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கெனப் புதிதாகத் துளை போடுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

டீசல் அடிப்பதும் பழைய எஞ்சின் ஆயில் அடிப்பதும் நம்ம பக்கம் தலைமுறையாக நடக்கிற பழக்கம். எண்ணெய்ப் படலம் தண்ணீரை விலக்கும் என்ற அடிப்படை சரிதான். ஆனால் டீசல் சில வாரங்களில் ஆவியாகியும் கழன்றும் போய்விடும். போவதற்குள் சஸ்பென்ஷன் புஷ்களின் ரப்பரை உப்ப வைக்கும். பழைய ஆயிலில் எரிந்த கழிவும் அமிலமும் உலோகத்துகளும் இருக்கின்றன. அது பிரேக்கில் பட்டால் உயிருக்கு ஆபத்து. முதல் மழையிலேயே கழுவிக்கொண்டு ஓடைக்கும் கிணற்றுக்கும் போகும். கடலை நம்பிப் பிழைக்கிறவர்கள் அதை ஓடையில் விடக் கூடாது. லாரியின் பிளேட் கட்டுக்கு மட்டும் புது ஆயில் கொஞ்சம் தடவுவதென்றால் சரி. முழு வண்டிக்கும் அடிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பேட்டரியில் மாட்டுகிற பெட்டி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மின்வேதியியல் வழியில் உலோகத்தைக் காப்பது பொய் இல்லை. 1824-லேயே ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் கப்பல்களின் அடியில் இருந்த செப்புத் தகட்டைத் துத்தநாகமும் இரும்பும் வைத்துக் காப்பாற்றிக் காட்டினார். தேங்காய்ப்பட்டணத்தில் இரும்புப் படகு வைத்திருப்பவர்கள் அடியில் ஜிங்க் கட்டை மாட்டுவதும் அதே தத்துவம். ஆனால் படகு கடலுக்குள் கிடக்கிறது. கட்டையையும் இரும்பையும் தண்ணீர் ஒரே தொடர்ச்சியாக இணைக்கிறது. கார் காற்றில் நிற்கிறது. கதவுக்குள் இருக்கிற சொட்டுக்கும் டிக்கியில் இருக்கிற சொட்டுக்கும் நடுவில் இணைப்பு கிடையாது. ஆகவே பெட்டியின் மின்சாரம் துரு நடக்கிற இடத்துக்குப் போய்ச் சேராது. அந்தக் காசுக்கு இரண்டு வருஷம் லனோலின் அடிக்கலாம்.

இனி எல்லோரும் அலட்சியப்படுத்துகிற, எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த வழி: தண்ணீர். உப்பைக் கழுவிவிட்டால் துருவின் வேகம் நன்றாகக் குறையும். மேலே பளபளவென்று ஷாம்பூ போடுவதைச் சொல்லவில்லை, அடியில் கழுவுவதைச் சொல்கிறேன். தோட்டத்து ஹோஸை மட்கார்டுக்குள் விட்டு, சேற்றைக் கையால் தள்ளி, சேஸிஸின் மேல்பக்கத்தில் தண்ணீர் ஓடும்படி பத்து நிமிடம் பிடித்தால் போதும். பெரிய அழுத்தம் தேவையில்லை.

ஆனால் எந்தத் தண்ணீர்? இங்கேதான் நம்ம ஆட்கள் ஏமாறுகிறார்கள். கரையை ஒட்டிய பல கிணறுகளில் கோடையில் தண்ணீர் கரிக்கும். கரையோரத்து வாட்டர் சர்வீஸ் சிலவற்றிலும் அதே கிணற்றுத் தண்ணீர்தான். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரை வைத்து அடித்தால் என்ன பலன்? ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். காய்ந்த பிறகு கறுப்புப் பெயிண்டில் வெள்ளைப் பொட்டு நிற்கிறதா என்று பாருங்கள். கரிக்கிற தண்ணீர் என்றால் மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் போகும் நாளில் அங்கே சர்வீஸ் விடுங்கள். நான் கூரைத் தண்ணீரை ஒரு தொட்டியில் பிடித்து வைக்கிறேன். இடவப்பாதியும் துலா மழையும் (வடகிழக்குப் பருவமழை) என வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் கிடைக்கிற ஊரில் நல்ல தண்ணீருக்குப் பஞ்சம் வர வேண்டியதில்லை.

கவர் போட்டு மூடுவது, ஷெட்டில் விடுவது பற்றியும் கேட்கிறார்கள். ஷெட் நல்லது, ஆனால் நாலு பக்கமும் அடைத்த ஷெட்டில் நனைந்த வண்டியை விட்டால் அது புழுங்கிக்கொண்டே இருக்கும். சுவர் இல்லாத ஓலை, ஷீட் கூரை அதைவிட மேல். கடலோரத்தில் கூரைக்கு அடியில் நிற்கிற வண்டியை மழை கழுவாது, நாம்தான் கழுவ வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. பிளாஸ்டிக் கவர் வேண்டவே வேண்டாம்.

ஏற்கெனவே துரு வந்துவிட்ட இடத்தில் என்ன செய்வது? வயர் பிரஷால் தேய்த்துப் பாருங்கள். மேலே மட்டும் சிவந்து, அடியில் இரும்பு கெட்டியாக இருந்தால், பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ உள்ள துருமாற்றி தடவலாம். சிவப்பு கறுப்பாக மாறும். அது காய்ந்ததும் எபாக்சி பிரைமர், அதன்மேல் பெயிண்ட், அதன்மேல் மெழுகு. இது தோலில் வந்த துருவுக்கு. ஸ்குரூடிரைவர் உள்ளே போகிறது என்றால் எந்த மருந்தும் இரும்பை வளர்த்துத் தராது. வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அதிலும் ஜாக்கி வைக்கிற இடம், சஸ்பென்ஷன் பிடித்திருக்கிற இடம், சீட் பெல்ட் போல்ட் இறங்குகிற இடம் என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். வெல்டிங் சூட்டில் உள்பக்கத்துப் பெயிண்ட் எரிந்துபோகும் என்பதால் வேலை முடிந்ததும் உள்ளே கட்டாயம் மெழுகு அடிக்க வேண்டும். பட்டறைகளில் இதைச் சொல்வதே இல்லை. அடுத்த மழைக்காலம் வெல்டிங் ஓரத்திலேயே துரு வருவது அதனால்தான். ஓட்டையில் பட்டி வைத்து அடைத்துப் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும். ஒன்றிரண்டு மழைக்காலத்தில் கொப்புளம் மறுபடி கிளம்பும்.

இவ்வளவும் சொன்ன பிறகு எங்கள் வீட்டு மூன்று வண்டிகளுக்கு என்ன முடிவு எடுத்தோம் என்பதைச் சொல்கிறேன்.

மாப்பிள்ளையின் புது பிக்கப்பில் இரண்டும் உண்டு. மட்கார்டுகளின் உட்புறம் மட்டும் கறுப்புக் கோட்டிங், அதுவும் எண்ணெய் பிசுக்கு படுவதற்கு முன்னால், பங்குனி வெயிலில் காயவைத்த பிறகு. சேஸிஸ் குழாய்க்குள்ளும் கதவுக்குள்ளும் லனோலின். அவருக்குப் பெரிய பிரச்சினை தொட்டிதான். ஐஸ் உருகி, மீன் இரத்தமும் உப்பும் கலந்து, நாள் முழுக்க இரும்பில் நிற்கிறது. பழைய வண்டியில் தொட்டி மேல் அலுமினியத் தகடு போட்டிருந்தார். இரும்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் உப்புத் தண்ணீர் புகுந்தால் முதலில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும், அந்த இடுக்கில் தேங்கியது இரும்பையும் விடாது. கழற்றிப் பார்த்தபோது இரண்டுமே சல்லடையாகிக் கிடந்தன. இந்த முறை தகடு வேண்டாம், மூடியுள்ள பெட்டிகளில் மீன், அடியில் எடுத்துக் கழுவுகிற ரப்பர் விரிப்பு, தொட்டியின் பின் மூலையில் இருக்கிற துளைக்கு ஒரு ஹோஸ் மாட்டி ஐஸ் தண்ணீர் சேஸிஸில் படாமல் நேராகக் கீழே விழும்படி செய்திருக்கிறார். சந்தை முடிந்து திரும்பும் வழியில் நல்ல தண்ணீரில் ஒரு கழுவல். இதில் எதையாவது விட வேண்டும் என்றால் கோட்டிங்கை விடு, கழுவலை விடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பழைய காரை வெட்டி ஒட்டி இரண்டு வருஷம் ஓட்டிவிட்டுக் கொடுத்துவிட்டேன். இப்போது இருப்பது கைமாறி வாங்கிய ஆறு வயதுக் கார். வாங்கும்போது எஞ்சின் பார்க்க மெக்கானிக்கை விட்டுவிட்டு நான் மிதியடியைத் தூக்கிப் பார்த்தேன், ஸ்பேர் டயரை எடுத்துப் பார்த்தேன், கதவு அடி விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன். அடியில் புதுசாகக் கறுப்பு அடித்திருந்த இரண்டு கார்களை விலை கேட்காமலே விட்டேன். எதை மறைக்க அடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? இதற்குக் கறுப்புக் கிடையாது, வருஷம் ஒரு தடவை லனோலின் மட்டும்.

தங்கச்சியின் ஸ்கூட்டருக்குப் பூச்சே முக்கியம் இல்லை. அவள் தினமும் ஒன்றரை கிலோமீட்டர் போய் வருகிறாள். அதில் அரிப்பது சைலன்சர், அதுவும் உள்ளிருந்து. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. நீண்ட ஓட்டத்தில் அது சூட்டோடு போய்விடும். ஐந்து நிமிட ஓட்டத்தில் சைலன்சர் சூடாவதற்குள் எஞ்சினை அணைத்துவிடுகிறோம். தண்ணீர் உள்ளேயே குளிர்ந்து தங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டம் வரை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வரச் சொன்னேன். வெளிப்பக்கத்தில் சூடு தாங்குகிற சில்வர் பெயிண்ட் ஒரு கை. சென்டர் ஸ்டாண்டு, கால் வைக்கிற தகட்டின் அடி, பேட்டரி கிடக்கிற தட்டு மூன்றிலும் கொஞ்சம் கிரீஸ்.

போன வாரம் மாப்பிள்ளை போன் செய்தார். இடவப்பாதி தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்றை வளைத்து வண்டியிலேயே வைத்திருக்கிறார், வாரம் ஒரு தடவை துளைகளில் விட்டு எடுக்க. "மச்சான், இடது கதவுல குத்தினேன். ஒரு சொம்பு தண்ணி கொட்டிச்சு. கூட மணலும் ரெண்டு சாளைச் செதிலும். கதவுக்குள்ள செதிலு எப்படிப் போச்சுன்னு தெரியல."

வலது கதவையும் பார்க்கச் சொன்னேன்.